பாகலூரில் ஒரு கை மிஷின்

என் வீட்டுக்காரர் ஓசூர் வழியாகப் பெங்களூர் போகிற தனியார் பஸ் ஒன்றுக்கு டிரைவராக இருந்தார். அந்த பஸ் ராத்திரி பாகலூரில் தங்கி, விடிந்ததும் கிளம்பும். அதனால் நாங்களும் பாகலூரிலேயே ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாரப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் சந்தை நாளன்று தெலுங்கு காதில் விழும். பாகலூரிலோ கிணற்றடிக்குப் போனாலே கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். முதல் வாக்கியம் புரிவதற்குள் பேசினவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த ஊருக்குப் போகும்போது எனக்கு மனசு சரியில்லை. அம்மா வீட்டில் முதல் பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. அதற்காக ஆசையாய்த் தைத்து வைத்திருந்த சட்டைகளை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பாகலூரில் அவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனபின் சமையல் முடிந்தால் எனக்கு வேறு வேலை கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டால்தான் சாப்பிடவில்லை என்பதே நினைவுக்கு வரும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் கோணிப்பையில் சுற்றிய ஏதோ ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். கோணியைப் பிரித்தால் தையல் மிஷின். கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூக்கொடி போட்ட பழைய கை மிஷின். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒரு குடும்பம் கப்பலேறி வெளிநாடு போகிறது, வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். இவர் போய் வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வழியெல்லாம் பள்ளம் மேடு பார்த்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். "இன்னிக்கு வண்டியில வந்தவங்களுக்குத்தான் யோகம், குலுங்காம வந்தாங்க" என்றார்.

கூடவே ஒரு தகர டப்பா. திறந்தால் உள்ளே வளைந்ததும் நெளிந்ததுமாகச் சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள்.

"இதெல்லாம் என்னங்க?"

"அந்த வீட்டம்மா ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிச் சொன்னாங்க. பாதி இங்கிலீசு புரியல. மீதியக் கேக்கறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

எனக்குத் தெரிந்தது நேர்த்தையல் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன் பக்கத்து வீட்டு மிஷினில் பழகியது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, பழைய துணிகளில் கோடு கோடாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்ப்பதற்கு அது தேவலையாக இருந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு விவசாயக் குடும்பம் இருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். கரும்பு போட்டிருந்தார்கள், மாடு கட்டி ஓட்டுகிற சொந்த ஆலையும் இருந்தது. நான் அந்த ஊருக்கு வருவதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெண் ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருக்கும்போது வளையல் எதிலோ மாட்டி, இடது கை உருளைக்குள் போய்விட்டது. மாட்டை நிறுத்துவதற்குள் நசுங்கிவிட்டதாம். பெங்களூர் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வெளியே வருவதே இல்லை. அவள் புருஷன்தான் தண்ணீர் எடுக்க வருவார். கதவு இடுக்கில் ஒரு முகத்தை மட்டும் எப்போதாவது பார்ப்பேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

ஒரு மத்தியானம் அந்த முகம் என் வாசலில் வந்து நின்றது. முந்தானையை இடது தோள் முழுக்க இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"மிஷின் சத்தம் கேட்டுச்சு" என்றாள். தமிழ் நன்றாகவே பேசினாள். மடியிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து நீட்டினாள். "இந்த எடது கைய மட்டும் நீளமாக்கி, முனைய மூடித் தச்சிக் குடு. பாக்கறவங்க கண்ணு அங்கியேதான் போவுது."

"உக்காருங்கக்கா" என்றேன். அக்கா என்கிற வார்த்தைக்கு மட்டும் அந்த ஊரில் மூன்று பாஷையிலும் ஒரே அர்த்தம்.

கை மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான் மிச்சம். நீளமான நேர்த்தையலுக்கு அது போதும். ரவிக்கைக் கை போலக் குறுகலாக, வளைவாக இருந்தால் துணி நழுவி ஊசி வழி தவறிப் போய்விடும். நான் தைப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஷினுக்கு வலது பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

"நீ ரெண்டு கையாலயும் துணியப் புடி. இதச் சுத்த ஒரு கை போதுமில்ல? அது எங்கிட்ட இருக்குது."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை தோளிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவில்லை. நான் "மெல்ல" என்றால் மெல்லச் சுற்றினாள். "நில்லு" என்றால் நின்றாள். கன்னடத்திலும் நில்லு நில்லுதான். முனை கிட்ட வந்ததும் அவள், "சாக்கா? சாக்கா?" என்று கேட்டாள். எதற்கோ சாக்கு வேண்டும் என்கிறாள் போலிருக்கிறது என்று நான் எழுந்து போய், மிஷின் சுற்றிவந்த கோணியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கோணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாக்குன்னா போதும்னு அர்த்தம்மா. போதுமான்னு கேட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. பிள்ளை போனதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அவளும் கை போனதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை என்று அவள் புருஷன் பின்னால் ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

மறுநாளே ரவிக்கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். உள்ளே மடிந்திருக்கிற தையல் ஆறின புண்மேல் உராய்ந்து சிவந்துபோயிருந்தது. "முள்ளு மாதிரி குத்துது" என்றாள். எந்தத் தையல் போட்டால் குத்தாது என்று எனக்குத் தெரியவில்லை. கொடியில் என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு வரித் தையல் இருப்பதை அதுவரை எத்தனையோ முறை துவைத்தும் நான் பார்த்ததில்லை. உள்பக்கம் திருப்பினால் பிசிறே இல்லை, வழவழவென்று இருந்தது. எப்படி என்று பார்க்க ஒரு சாண் அளவு பிரித்தோம். முதலில் இரண்டு துணியையும் சேர்த்து ஒரு தையல், பிறகு ஒரு பக்கத்து ஓரத்தைக் குறுக்கி வெட்டி, மற்ற ஓரத்தை அதன்மேல் மடித்துப் படுக்கவைத்து இன்னொரு தையல். வெட்டின ஓரம் முழுவதும் உள்ளே மறைந்துவிடுகிறது.

அதேபோல் ஒரு துண்டுத் துணியில் தைத்துக் கொடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தழும்பின்மேல் தேய்த்துப் பார்த்தாள். "இன்னும் பொடியாப் போடு" என்றாள். மிஷின் பக்கத்தில் இருந்த திருகைத் திருப்பினால் தையல் பொடியாகவும் பெரிதாகவும் விழும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, தைத்துத் தைத்துக் கொடுக்க, அவள் தேய்த்துத் தேய்த்துச் சொன்னாள். கடைசியில், "இது ஆவும்" என்றாள். அந்த மும்முரத்தில் காக்கிச் சட்டையைத் திரும்பத் தைக்க மறந்துபோனோம். மறுநாள் அவர் விலா தெரிய பஸ் ஓட்டிவிட்டு வந்து, "கண்டக்டர்தான் சொன்னாரு, காத்தோட்டமா இருக்குதுன்னு" என்றார். கோபித்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அக்கா தினமும் வர ஆரம்பித்தாள். தகர டப்பாவையும் அவள்தான் திறக்கச் சொன்னாள். "எதுக்கோ ஒண்ணுக்கு ஆவும்னுதானே செஞ்சிருப்பாங்க" என்றாள்.

ஒன்றின் முன்பக்கம் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருந்தது. மிஷினில் மாட்டித் துணியைக் கொடுத்தால் முதலில் சுருட்டி விழுங்கிக்கொண்டது. துணியின் முனையில் முதலில் இரண்டு தையல் போட்டு, அந்த நூலைப் பிடித்து இழுத்து, சுருளுக்குள் துணியை நுழைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நிறைய நாள் ஆனது. கண்டுபிடித்த பிறகு, கையால் மடிக்காமலே துணியின் ஓரம் மெல்லிய கயிறு போலச் சுருண்டு தைத்துக்கொண்டு வெளியே வந்தது. அன்றைக்கு வீட்டிலிருந்த துண்டு, கைக்குட்டை, வடிகட்டுகிற துணி எல்லாவற்றுக்கும் ஓரம் அடித்தோம்.

இன்னொன்று வெட்டுக்கிளி மாதிரி பெரிதாக, கவட்டை போன்ற ஒரு கையோடு இருந்தது. என்ன செய்தாலும் அது சும்மா நின்றது. அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆலையில மாடு சுத்தற மரம் உருளையோட சேர்ற எடத்துல இப்பிடித்தான் ஒரு கவட்டை இருக்கும். ஒண்ணு அசைஞ்சா அது இன்னொண்ண அசைக்கணும். இது எதையோ புடிக்கணும் பாரு."

ஆலையைப் பற்றி அவள் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் பார்த்தேன். ஊசியை இறுக்குகிற திருகு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. கவட்டையை அதன்மேல் மாட்டினேன். அக்கா சுற்றினாள். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் வெட்டுக்கிளி துணியை ஒரு தள்ளு தள்ளி மடித்தது, ஊசி அந்த மடிப்பின்மேல் இறங்கியது. பாவாடைக்கு வைக்கிற சுருக்கம், கையால் வைத்தால் ஒரு பொழுது ஆகிற வேலை, ஒரே அளவாக வரிசையாக ஓடிவந்தது. வீட்டிலிருந்த கிழிசல் துணி தீருகிற வரைக்கும் சுருக்கம் வைத்துக்கொண்டே இருந்தோம்.

எல்லாம் கைகூடியது என்று சொல்ல முடியாது. வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி, மிஷின் பாதத்தைக் கழற்றிவிட்டு, சட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பூவேலை செய்யலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிளி போடப் பார்த்தோம். கோழி வந்தது. அக்கா அந்தக் கோழியைத் தன் தலையணை உறையில் வைத்துத் தைக்கச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அக்காவின் தங்கைக்கு மாலூர்ப் பக்கம் கல்யாணம் வைத்தார்கள். அக்காவின் பெரியம்மா ஒருத்தி, "நீ முன்னால வந்து நிக்காதே, எல்லாரும் பொண்ண விட்டுட்டு உன்னையே பாப்பாங்க" என்று சொல்லியனுப்பியிருந்தாளாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா அன்று முழுவதும் கைப்பிடியை வேகவேகமாகச் சுற்றினாள். போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பச்சைப் பட்டில் ரவிக்கைத் துணி கொண்டுவந்தாள்.

"கைய நீளமா வெக்காதே. எல்லாரும் போடற அளவுக்கு வை. முனையில அந்தச் சுருக்கத்த வெச்சுடு."

"ரெண்டு கைக்குமா அக்கா?"

"ரெண்டுக்குந்தான். எடது கை என்ன பாவம் பண்ணுச்சு?"

பட்டுக்குப் புது ஊசி போட்டு, நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஓரத் துணியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ரவிக்கையில் கை வைத்தேன். உள்பக்கம் காக்கிச் சட்டைத் தையல், கை முனையில் வெட்டுக்கிளிச் சுருக்கம். கல்யாணத்துக்கு என்னையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போனாள். பந்தலில் அவள் முந்தானையைப் போர்த்திக்கொள்ளவில்லை. பார்த்தார்கள், பார்க்கத்தான் செய்தார்கள். முதலில் கையைப் பார்த்தார்கள், பிறகு சுருக்கத்தைப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணின் தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அந்தப் பெரியம்மாவும் பக்கத்தில் வந்து சுருக்கத்தை விரலால் நீவி, யார் தைத்தது என்று கன்னடத்தில் கேட்டாள். அக்கா என்னைக் காட்டிவிட்டுத் தன்னையும் காட்டினாள். அந்த அம்மாள் நம்பவில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை, பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் துணி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். வேலை கூடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மிஷினுக்குக் கீழே வைக்கிற இரும்பு ஸ்டாண்டு ஒன்றை பஸ் மேலே கட்டிக்கொண்டு வந்தார். கை மிஷின் கால் மிஷின் ஆயிற்று. அவர் சந்தோஷமாகப் பட்டையை மாட்டி, எண்ணெய் விட்டு, மிதித்துக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா வந்து வாசலில் நின்று பார்க்கிற வரைக்கும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கைப்பிடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தது. அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "உனக்கு ரெண்டு கையும் கெடச்சிருச்சு. நான் வர்றேன், அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

அவள் திரும்பிய வேகத்தைப் பார்த்தேன். பழையபடி கதவு இடுக்கில் ஒரு முகமாக ஆகிவிடுவாளோ என்று பயந்தேன். எழுந்து போய் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க உக்காருங்கக்கா."

"நானா? நான் என்னத்த உக்கார்றது?"

"கால் ரெண்டும் இருக்குதில்ல?"

அப்படிப் பேசிவிட்டோமே என்று எனக்கே திக்கென்றது. அக்கா வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. அடுத்த முறையும் அறுந்தது. வலது கையால் சக்கரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, அது நிற்பதற்குள் அதே கையைத் துணிக்குக் கொண்டுவர வேண்டும். இடது பக்கம் துணி விலகாமல் இருக்க அவள் தன் குட்டைக் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் கைக்கு நகமில்லை, விரலில்லை என்றாலும் துணியை நகராமல் பிடித்துக்கொள்ள அது நன்றாகவே போதுமாக இருந்தது. நான் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஆவதற்குள் ஒரு முழ நீளத்துக்குக் கோணாமல் ஒரு கோடு போட்டாள். போட்டு முடித்து, தலையைத் திருப்பாமலே, "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கும்" என்றாள். எழுந்திருக்கத்தான் இல்லை.

பின்னால் ஊசியில் நூல் கோக்கவும் வழி கண்டுபிடித்துக்கொண்டாள். நூல் முனையை வாயில் நனைத்து, வெள்ளைக் காகிதம் ஒன்றை ஊசிக்குப் பின்னால் செருகி வைத்துக் கோப்பாள். நான் ஒரு நாள் சக்கரம் தட்ட, அவள் ஒரு நாள் தட்ட, மாற்றி மாற்றித் தைத்தோம்.

மறுபடியும் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. இந்த முறை பிள்ளைக்கென்று ஒரு துணியையும் நான் தைக்கவில்லை. பயம். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் கவுன் தைத்தேன், என் பிள்ளைக்கு ஊசி எடுக்கக் கை வரவில்லை. அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பிரசவத்துக்கு நான் குந்தாரப்பள்ளி போகிற அன்று பஸ் வரைக்கும் வந்து, "உன் வீட்டுச் சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போ, மிஷின் எண்ணெ விடாம கெடந்தா துரு ஏறும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்து, நல்லபடியாக அழுதது. பேர் வைக்கிற அன்று அக்கா வந்தாள். பாகலூரில் ஏறி, ஓசூரில் இறங்கி, சூளகிரி வழியாக வருகிற வேறு பஸ் பிடித்து, யாரும் துணைக்கு இல்லாமல் தனியாக வந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன மூட்டை. பிரித்தால் குழந்தைச் சட்டைகள். ஒன்றில் நெஞ்சுப் பக்கம் நெல் மணி அகலத்துக்கு மடிப்பு மடிப்பாக வைத்திருந்தது. ஒன்றில் கழுத்தோரம் கயிறு போலச் சுருட்டி அடித்திருந்தது. எல்லாம் அவள் ஒருத்தியாக உட்கார்ந்து தைத்தது.

"புதுத் துணி ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னு பழைய மல்லு வேட்டியில தச்சேன். எல்லாத் தையலையும் இதுல தேச்சுப் பாத்துட்டேன்" என்று தழும்பைக் காட்டினாள். "எதுவும் உறுத்தாது."

என் அம்மா அந்தச் சட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள். நான் அக்காவிடம் குழந்தையைக் கொடுத்தேன். வலது கையில் வாங்கி, குட்டைக் கையை அதன் தலைக்கு அணைவாக வைத்துக்கொண்டாள். குழந்தை அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டது.

என் மகள் நடக்க ஆரம்பித்த சமயத்தில் கம்பெனிக்காரர்கள் என் வீட்டுக்காரரைக் கிருஷ்ணகிரி தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அக்காவுக்குச் சொந்தமாகக் கால் மிஷின் வந்திருந்தது. அவள் புருஷன் பெங்களூருக்கே போய்த் தேடி வாங்கிக் கொடுத்திருந்தார். தெருப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நிஜார் முழுக்க அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறமும் மகளைத் தூக்கிக்கொண்டு அவ்வப்போது பாகலூர் போவேன். ஒரு முறை அவரைக்காய்க் காலத்தில் போனேன். அவள் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே மூன்று நான்கு பெண்கள் துணியோடு காத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"உக்காரும்மா. இவங்க சந்தைக்குப் போவணும், முடிச்சுக் குடுத்துட்டு வர்றேன்."

நானும் அந்தப் பெண்களோடு பாயில் உட்கார்ந்தேன். அவர்கள் என்னிடம், நானும் துணி கொடுக்க வந்திருக்கிறேனா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எனக்கு அதில் ஒரு பெருமை. வேலை முடித்து அக்கா களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். என் மகளுக்குச் சூட்டை ஊதி ஊதி ஊட்டினாள்.

அந்த ஊரில் நான் இருந்தது கொஞ்ச வருஷம்தான். அந்த வருஷங்களில் எனக்குப் பேச்சுத் துணை கிடைத்தது, வேலை கிடைத்தது, பயம் போயிற்று, பிள்ளை கிடைத்தது. அன்றைக்குக் களி சாப்பிட்டுக்கொண்டே, "நீங்க இல்லாட்டி நான் என்னாயிருப்பேனோக்கா" என்றேன். அக்கா குழம்புக் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"நானும் அதத்தான் நெனச்சுக்குவேன்" என்றாள். இலையில் இன்னொரு கரண்டி விட்டுவிட்டு, "சாப்புடு, பஸ்ஸு வந்துரும்" என்றாள்.